பழுதாகும் ஸ்போர்ட்ஸ் கார்: வைத்துக்கொள்வதா, விற்பதா?

2025 ஆகஸ்டில், 20 ஆண்டுகளைக் கடந்த கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் ரூ.5,000-லிருந்து ரூ.10,000 ஆனது, இறக்குமதிக் கார் என்றால் ரூ.80,000. அடுத்த மாதமே, செப்டம்பர் 22 முதல், புதிய கார்களின் ஜிஎஸ்டி குறைந்தது. இதற்கிடையே பங்க்குகளில் 20% எத்தனால் கலந்த பெட்ரோல் வழக்கமாகிவிட்டது. புதிய கார் மலிவாகிறது. பழைய காரை வைத்திருப்பது சிரமமாகிறது. இந்த நெருக்கடியில் அதிகம் தவிப்பவர்கள், ஆசைப்பட்டு செகண்ட் ஹேண்டில் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிவிட்டு, அது எப்போது நடுவழியில் நிற்குமோ என்ற பயத்தோடு ஓட்டிக்கொண்டிருப்பவர்கள்.

இதைப் பணக்காரர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆடி டிடி, பிஎம்டபிள்யூ இசட்4, மெர்சிடஸ் எஸ்எல்கே போன்ற கார்கள் பத்துப் பன்னிரண்டு வருடங்களில் ஒரு புதிய எஸ்யூவியின் விலைக்கு இறங்கிவிடுகின்றன. அதற்கும் கீழே, போலோ ஜிடி, அபார்த் புன்டோ என்று சிறிய உடம்பில் பெரிய வேகத்தை அடக்கிய கார்கள் சில லட்சங்களுக்கே கிடைக்கின்றன. வாங்குபவர்களில் பலர் மாதச் சம்பளக்காரர்கள். தனிநபர் கடனும் நகைக்கடனும் இந்த ஆசைக்குள் போயிருக்கின்றன.

அவர்கள் தாமதமாக உணரும் உண்மை ஒன்று உண்டு. காரின் விலைதான் வருடா வருடம் இறங்கும். அதன் ஸ்பேர் பார்ட்ஸ் விலை இறங்காது. ஐம்பது லட்ச ரூபாய் காரைப் பத்து லட்சத்துக்கு வாங்கினாலும், கியர்பாக்ஸ் கெட்டால் ஐம்பது லட்ச ரூபாய் காருக்கான பில்தான் வரும்.

இந்த ஆசையைக் கேலி செய்வது தவறு. தமிழ்நாட்டில் அதற்கு வேர் உண்டு. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளம் 1990-லிருந்து இயங்குகிறது. கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் அந்த ஊர்க்காரர். மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஐகானும், திருவள்ளூரில் தயாரான மிட்சுபிஷி லான்சரும் ஒரு தலைமுறைக்கு வேகத்தின் சுவையைக் காட்டியவை. ஆகவே "விற்றுத் தொலை" என்ற வீட்டார் அறிவுரையோ, "இதுபோல வண்டி இனி வராது" என்ற நண்பர்களின் பேச்சோ முடிவைத் தீர்மானிக்கக் கூடாது. தீர்மானிக்க வேண்டியது, அந்தக் காரில் இருக்கும் பழுது எந்த வகையைச் சேர்ந்தது என்பதுதான்.

மூன்று வகைப் பழுதுகள்

முதல் வகை, பராமரிப்பு பாக்கி. முந்தைய உரிமையாளர் செலவைத் தள்ளிப்போட்டு, அது மொத்தமாக நம் தலையில் விழுவது. பழைய கூலன்ட், வெடித்த ரப்பர் குழாய்கள், மாற்றாத டைமிங் பெல்ட், தளர்ந்த சஸ்பென்ஷன் புஷ், வலுவிழந்த பேட்டரி போன்றவை இதில் அடக்கம். வாங்கிய முதல் வருடத்தில் அடுத்தடுத்துப் பழுதாகும் கார்களில் கணிசமானவை இப்படிப்பட்டவைதான். பட்டியல் நீளமாக இருக்கும்; ஆனால் அதற்கு முடிவு உண்டு. ஒருமுறை ஒழுங்காகச் செய்தால் கார் திரும்பவும் நம்பகமாகிவிடும். இந்த வகைக் காரைப் பதற்றத்தில் விற்றால், நாம் பாதி கட்டிய பாக்கியின் பலனை அடுத்தவர் அனுபவிப்பார்.

இரண்டாவது வகை, வடிவமைப்பிலேயே உள்ள பிறவிக் குறை. புகழ்பெற்ற நிறுவனங்களின் கார்களும் இதற்கு விலக்கல்ல. போர்ஷேயின் பாக்ஸ்டர், 911 கார்களில் ஒரு காலகட்டத்து எஞ்சின்களில் இடைத்தண்டு பேரிங் திடீரென உடைந்து எஞ்சினையே நாசமாக்கியது. 2001 முதல் 2005 வரையிலான கார்கள் தொடர்பாக அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கு 2013-ல் சமரசத்தில் முடிந்தது. மஸ்டாவின் ஆர்எக்ஸ்-8 காரில் இருந்த ரோட்டரி எஞ்சினில் சீல்கள் தேய்ந்து அழுத்தம் குறையும் பிரச்சினை இருந்தது. அமெரிக்காவில் அந்த எஞ்சினுக்கான உத்தரவாதத்தை நிறுவனமே 8 வருடம் அல்லது 1 லட்சம் மைல் என நீட்டித்தது. ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் ஏழு கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி கியர்பாக்ஸுக்காக 2013-ல் உலகின் பல நாடுகளில் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன.

பிறவிக் குறை என்றாலே விற்றுவிட வேண்டும் என்றில்லை. அதற்கு நிரந்தரத் தீர்வு இருக்கிறதா என்பதே கேள்வி. அந்த போர்ஷே எஞ்சின்களில், கிளட்ச் மாற்றும் சமயத்திலேயே பேரிங்கையும் மேம்பட்ட ரகமாக மாற்றிவிடுவது இன்று வழக்கமான வேலை. ரோட்டரி எஞ்சினின் சீல் அப்படியல்ல. புதிதாகப் போட்டாலும் அது மறுபடி தேயும். முதலாவதைச் சரிசெய்து வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதை, சில வருடங்களுக்கு ஒருமுறை எஞ்சின் வேலைக்குப் பணம் ஒதுக்க முடிந்தவர்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வகை, கெடுக்கப்பட்ட கார். வெள்ளத்தில் மூழ்கியது, பெரிய விபத்தில் சிக்கிப் பட்டி பார்த்து மறைத்தது, அதிக சக்திக்காக எஞ்சினின் கம்ப்யூட்டர் அமைப்பை மாற்றி அடித்து ஓட்டியது ஆகியவை இதில் வரும். 2015-லும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. வயரிங்கில் நீர் புகுந்த கார் இன்று ஒரு சென்சார், அடுத்த மாதம் ஒரு விளக்கு, அதற்கடுத்து ஏர்பேக் எச்சரிக்கை என்று ஓயாமல் படுத்தும். இந்த வகைக் காருக்கு மனதில் இடம் கொடுக்கக் கூடாது. எவ்வளவு செலவழித்தாலும் அது பழைய நிலைக்கு வராது.

எந்த வகை என்று கண்டுபிடிக்க, நமக்கு வழக்கமாக வேலை பார்க்கும் மெக்கானிக்கைத் தவிர்த்து, அந்த மாடலில் பழகிய இன்னொருவரிடம் காரைக் காட்ட வேண்டும். லிஃப்டில் ஏற்றி அடிப்பாகம் பார்ப்பது, ஸ்கேனரில் எல்லா கண்ட்ரோல் யூனிட்டுகளையும் படிப்பது, கம்ப்ரஷன் சோதனை, எண்ணெய்க் கசிவு பார்ப்பது என அரை நாள் வேலை. காரில் சிக்கிக்கொண்டிருக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் அந்தச் சோதனைக்கு ஆகும் செலவு சிறியது.

போட்ட பணம் போட்டதுதான்

முடிவெடுக்க விடாமல் தடுப்பது பெரும்பாலும் ஒரே வாக்கியம்: "இவ்வளவு செலவு பண்ணிட்டேன், இப்போ எப்படி விக்கிறது?" ஏற்கெனவே செலவான பணம், வைத்திருந்தாலும் திரும்பாது, விற்றாலும் திரும்பாது. ஆகவே அது கணக்கிலேயே வரக் கூடாது. கணக்கில் வர வேண்டியது இனி வரும் பன்னிரண்டு மாதச் செலவு மட்டும்.

எதிர்த்திசையிலும் இதே தவறு நடக்கிறது. ஒன்றரை லட்ச ரூபாய் பில்லைப் பார்த்து அதிர்ந்துபோய், அதே வாரத்தில் புதிய காருக்கு முன்பணம் கட்டிவிடுபவர்கள் உண்டு. பில் ஒரே நாளில் கண்ணில் படுகிறது. புதிய காரின் மதிப்புச் சரிவு கண்ணில் படாமலே நடக்கிறது.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் போடலாம். கையில் இருக்கும் ஸ்போர்ட்ஸ் கார் இன்று 5 லட்சத்துக்குப் போகும் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வருடம் 4.5 லட்சம். மதிப்பிழப்பு 50 ஆயிரம், பழுது வேலை 1.5 லட்சம், இன்சூரன்ஸ் 30 ஆயிரம், கார் ஷெட்டில் நிற்கும் நாட்களில் வாடகை வண்டிக்கு 20 ஆயிரம். மொத்தம் 2.5 லட்சம்.

இதை விற்று, 10 லட்சம் கடனும் சேர்த்து 15 லட்சத்துக்குப் புதிய கார் வாங்குகிறோம். வருட முடிவில் அதன் மதிப்பு 12 லட்சம் என்றால் 3 லட்சம் போயிற்று. முதல் வருட வட்டி சுமார் 80 ஆயிரம், இன்சூரன்ஸ் 50 ஆயிரம், சர்வீஸ் 10 ஆயிரம். மொத்தம் 4.4 லட்சம். அதாவது, பழைய காரின் பழுதுச் செலவு வருடத்துக்கு 3.4 லட்சத்தைத் தொடும்வரை புதிய காரே அதிகச் செலவு.

ஆனால் மூன்றாவது வழியும் உண்டு. இதை விற்ற பணத்தோடு ஒரு லட்சம் சேர்த்து, நன்றாகப் பராமரித்த சாதாரண காரை 6 லட்சத்துக்கு வாங்குவது. மதிப்பிழப்பு 60 ஆயிரம், இன்சூரன்ஸ் 20 ஆயிரம், சர்வீஸ் 25 ஆயிரம் எனச் சுமார் ஒரு லட்சத்தில் வருடம் முடிந்துவிடும். ஸ்போர்ட்ஸ் காரை வைத்திருப்பதன் உண்மையான விலை இப்போதுதான் தெரிகிறது: வருடத்துக்கு ஒன்றரை லட்சம் கூடுதல். அந்த ஓட்டும் சந்தோஷத்துக்கு அந்தத் தொகை தகுமா, குடும்பம் அதைத் தாங்குமா என்பதற்கு ஒவ்வொருவரும் நேர்மையாகப் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும். தகும் என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தாங்காது என்று தெரிந்தும் கடன் வாங்கித் தொடர்வதுதான் ஆபத்து.

புதிய கார் பக்கம் சாய்பவர்கள் தமிழ்நாட்டின் சாலை வரியையும் மறக்கக் கூடாது. 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட ஆயுள் வரி, 10 முதல் 20 லட்ச ரூபாய் கார்களுக்கு 18%, அதற்கு மேல் 20%. ஜிஎஸ்டி குறைப்பின் பெரிய பலன் 18% வரிக்குள் வந்த சிறிய கார்களுக்குத்தான். நான்கு மீட்டருக்கு மேல் நீளமான அல்லது பெரிய எஞ்சின் கொண்ட கார்களுக்கு வரி 40%.

தினசரி வேலைக்கா, ஞாயிற்றுக்கிழமைக்கா?

ஒரே கார் ஒருவருக்குப் பாரமாகவும் இன்னொருவருக்குப் பொக்கிஷமாகவும் இருக்கும். காரணம், அதற்குக் கொடுக்கப்பட்ட வேலை. வீட்டில் அது ஒன்றே கார், அதிலேதான் ஆபீஸ், பிள்ளைகளின் பள்ளி, இரவில் அவசரம் என்றால் ஆஸ்பத்திரி என்ற நிலை இருந்தால், நம்பகம் இல்லாத கார் வீட்டுக்கு ஆகாது. பணம் இருந்தாலும் ஆகாது. ஏலகிரிக்கோ கொல்லிமலைக்கோ விடிகாலையில் ஓட்டிச் செல்வதற்கு மட்டும் என்றால், மாதம் ஒரு பழுதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஆனால் எப்போதாவது ஓட்டும் காருக்கு எத்தனால் பெட்ரோல் தனிச் சிக்கல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். வாரக்கணக்கில் நிற்கும் காரின் டேங்க்குக்கு அது நல்லதல்ல. பழைய கார்களுக்கு மைலேஜ் 3 முதல் 6% வரை குறையலாம் என்றும், சில பழைய வாகனங்களில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டியிருக்கலாம் என்றும் மத்திய அரசே 2025 ஆகஸ்டில் சொன்னது. 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான கார் என்றால் கையேட்டில் எந்தப் பெட்ரோல் குறிப்பிடப்பட்டுள்ளது என்று பார்க்க வேண்டும். எரிபொருள் குழாய்களையும் சீல்களையும் முன்கூட்டியே மாற்றும் செலவை, வைத்துக்கொள்ளும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பேரம் பேசக் கூடாத எல்லை

எஞ்சின் நின்றால் சாலையோரம் ஒதுங்கலாம். பிரேக், ஸ்டியரிங், டயர், எரிபொருள் கசிவு, ஏர்பேக் ஆகியவற்றில் குறை இருந்தால் அப்படி ஒதுங்க வாய்ப்பு கிடைக்காது. வேகத்துக்காகவே செய்யப்பட்ட காரில் இந்த ஐந்தில் ஏதேனும் சந்தேகம் இருந்தால், சரிசெய்யும்வரை சாவியைத் தொடக் கூடாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிரே வருபவருக்கும், ஓரமாக நடப்பவருக்கும் நம் ஆசையில் பங்கு கிடையாது.

ஏர்பேக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் இன்ஃப்ளேட்டர்கள் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வருடக்கணக்கில் இருந்தால் கெட்டு, வெடிக்கும்போது உலோகத் துண்டுகளை வீசக்கூடியவை. ஹோண்டா, பிஎம்டபிள்யூ, ஃபெராரி உட்படப் பல நிறுவனங்களின் கார்கள் இதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. சென்னை, தூத்துக்குடி போன்ற வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் பழைய கார் வைத்திருப்பவர்கள், சேசிஸ் எண்ணைச் சொல்லி, அந்த மாற்றம் தங்கள் காரில் செய்யப்பட்டதா என்று அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கேட்க வேண்டும். திரும்ப அழைக்கப்பட்ட பாகத்தைப் பொதுவாக நிறுவனங்கள் இலவசமாக மாற்றித் தருகின்றன.

டயரின் பக்கவாட்டில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள், டயர் தயாரான வாரத்தையும் வருடத்தையும் காட்டும். குறைவாக ஓடிய ஸ்போர்ட்ஸ் கார்களில் பட்டன் தேயாமலே ரப்பர் இறுகிப்போன டயர்கள் இருக்கும். பார்க்கப் புதிதுபோல இருக்கும், மழையில் பிடிக்காது.

விற்பவரின் பொறுப்பு

விற்பது என்று முடிவானால், குறையைச் சொல்லி விற்க வேண்டும். எச்சரிக்கை விளக்கை அணைத்துவிட்டு, கிலோமீட்டரைக் குறைத்து வைத்து விற்பது வாங்குபவரை மட்டும் ஏமாற்றுவதல்ல. அவர் வீட்டுப் பிள்ளைகளையும் அந்தக் காரில் ஏற்றிவிடுகிறோம். பழுதின் விவரம், செய்த வேலைகளின் பில்கள், செய்யாமல் விட்ட வேலைகள் ஆகியவற்றை எழுதிக் கொடுத்தால் விலை கொஞ்சம் குறையலாம். பிறகு சண்டை வராது.

பெயர் மாற்றம் இன்னும் முக்கியம். வண்டியைக் கைமாற்றிவிட்டு, ஆர்சி புக்கில் பெயர் மாறாமல் விட்டால், விபத்து நடக்கும்போது இழப்பீட்டுப் பொறுப்பு பதிவில் உள்ள உரிமையாளர் மேல் வரும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வாங்கியவர் வேகப்பிரியர் என்றால் இது எவ்வளவு பெரிய அபாயம் என்று விளக்க வேண்டியதில்லை. படிவம் 29, 30 இரண்டையும் கையெழுத்தோடு நிறுத்தாமல், ஆர்டிஓ பதிவில் பெயர் மாறியதை உறுதிசெய்ய வேண்டும். வியாபாரியிடம் கொடுத்தால், 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள விதிப்படி அங்கீகாரம் பெற்றவரா என்று கேட்க வேண்டும். அப்படிப்பட்டவரிடம் ஒப்படைத்ததை முறையாகப் பதிவு செய்தால், அதற்குப் பிறகான பொறுப்பு அவருடையது.

என்ன செய்யலாம்?

உரிமையாளர்களுக்கு:

ஒன்று, ஆறு மாதத்து பில்களை எடுத்து, ஒவ்வொன்றும் மூன்று வகைப் பழுதுகளில் எது என்று குறியுங்கள். ஒரே பாகம் இரண்டாவது முறை வந்திருந்தால் அது பராமரிப்பு பாக்கி அல்ல.

இரண்டு, அடுத்த ஒரு வருடத்துக்கு அதிகபட்சம் இவ்வளவுதான் என்று ஒரு தொகையை இப்போதே குடும்பத்தோடு பேசி எழுதிவையுங்கள். அதைத் தாண்டும் பில் வந்த அன்றே விற்பனைக்கு வையுங்கள். பில் கையில் இருக்கும்போது அந்தத் தொகையை மாற்றாதீர்கள்.

மூன்று, ஸ்பேர் கிடைக்கிறதா என்று பழுதாகும் முன்பே பாருங்கள். ஃபியட், மிட்சுபிஷி போல நாட்டில் கார் விற்பனையை நிறுத்திவிட்ட நிறுவனங்களின் கார் என்றால், எந்தெந்தப் பாகம் புதிதாகக் கிடைக்கிறது, எதற்குப் புதுப்பேட்டையின் பழைய ஸ்பேர் கடைகளை நம்ப வேண்டும் என்ற பட்டியல் கையில் இருக்க வேண்டும். பிரேக், ஏர்பேக் பாகங்களைப் பழையதாக வாங்கவே கூடாது.

நான்கு, சக்தியைக் கூட்ட எஞ்சின் அமைப்பை மாற்றியிருந்தால், நிறுவனம் வைத்த நிலைக்குத் திரும்புங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அடிப்படை மாற்றங்களைத் தடுக்கிறது. சொல்லாமல் செய்த மாற்றம் இன்சூரன்ஸ் கோரிக்கையையும் சிக்கலாக்கும்.

அரசுக்கும் இதில் வேலை இருக்கிறது. சுயேச்சை மெக்கானிக்குகளுக்கு ஸ்பேர் பார்ட்ஸும் தொழில்நுட்ப விவரமும் கிடைக்காமல் தடுத்ததாக, 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விஷயம் மேல்முறையீட்டுக்குப் போனது. 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியபோது வாகனத் துறையையும் சேர்த்தது. அந்த உரிமை நிறுவனங்களின் விருப்பத்தைச் சார்ந்து நிற்காமல் சட்டமாக வேண்டும். விற்பனையை நிறுத்தும் நிறுவனம் எத்தனை வருடம் ஸ்பேர் தர வேண்டும் என்பது அதில் எழுதப்பட வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர், சேசிஸ் எண்ணைக் கொடுத்தவுடன் விபத்து, வெள்ளம், இன்சூரன்ஸ் கோரிக்கை, திரும்ப அழைப்பு, சர்வீஸின்போது பதிவான கிலோமீட்டர் ஆகிய ஐந்தையும் பார்க்கும் வசதி வேண்டும். வாகன் தளத்தில் பதிவு விவரங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. இன்சூரன்ஸ் நிறுவனங்களிடமும் சர்வீஸ் சென்டர்களிடமும் மீதித் தகவல் இருக்கிறது. இவற்றைச் சேர்த்து, உரிமையாளரின் சொந்த விவரங்கள் வெளியாகாமல், காரின் வரலாறு மட்டும் தெரியும்படி செய்ய வேண்டும்.

அந்த வசதி வரும்வரை, பழுதான காரின் முன் நிற்பவர் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டியவை மூன்று. இந்தக் குறைக்கு முடிவு உண்டா? அடுத்த வருடச் செலவைக் கடன் இல்லாமல் தாங்க முடியுமா? என் பிள்ளையை இந்தக் காரில் தயக்கமின்றி ஏற்றுவேனா? மூன்றுக்கும் ஆம் என்றால், ஊரார் பேச்சைப் பொருட்படுத்தாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும், குறையைச் சொல்லி, பெயர் மாற்றி, இந்த மாதமே விற்றுவிடுங்கள்.